தவிடு தின்னும் ரோகுவுக்கு என்சைமும் பூண்டும்: கயான், தொங்குவா பக்கம் புதிதாகக் குளம் வைப்பவர்களுக்கு

போன வருடம் மீன் தீவனத்தைச் செரிக்க உதவும் என்சைம் ஒரு பொட்டலம் காசு கொடுத்து வாங்கி, வேகவைத்த தவிட்டுக் கஞ்சியில் ஆவி பறக்கப் பறக்கக் கொட்டிக் கலக்கி, இரண்டு மாதம் மீனுக்குப் போட்டேன். மீனின் எடை ஒரு டிக்கல் (சுமார் 16 கிராம்) கூடக் கூடுதலாக ஏறவில்லை. ஒரு நாள் கலக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்ற அத்தை கேட்டார்: "கொதிக்கிற பால்ல யாராச்சும் மோரை ஊத்துவாங்களா?" இரண்டு மாதம் எனக்குப் புரியாதது அந்த ஒரு கேள்வியில் புரிந்துவிட்டது. என்சைமும் உறைமோர் போலத்தான். பதமான சூட்டில் விட்டால் வேலை செய்யும், கொதியில் விட்டால் செத்துப்போகும்.

ரங்கூனுக்குக் கிழக்கே கயான், தொங்குவா பக்கமும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் துவாந்தேயிலும் நம் ஆட்கள் சிலர் இப்போது நெல் வயலைக் குளமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குளம் வெட்டுவதைப் பற்றி இதில் இல்லை. தீவனத்தில் சேர்க்கும் என்சைம், பூண்டு, மஞ்சள் இவை மட்டும்தான்.

1. உங்கள் மீனுக்கு இரைப்பை உண்டா?

முதல் கேள்வி இதுதான். ரோகு, கட்லா, மிர்கால் என்ற கெண்டை வகை மீன்கள் மூன்றுக்கும் இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. அங்கே புளிப்பு இருக்காது. திலேப்பியாவுக்கும் பங்காசியஸ் கெளுத்திக்கும் புளிப்பு சுரக்கிற இரைப்பை உண்டு.

இது ஏன் முக்கியம்? தவிட்டிலும் புண்ணாக்கிலும் இருக்கிற பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. அந்தப் பூட்டு துத்தநாகத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்தே பிடித்து வைத்துக்கொள்ளும். மீனால் அதைத் திறக்க முடியாது. தின்றது அப்படியே கழிவாக வெளியே போய்க் குளத்து நீரைப் பாசியாக்கும். ஃபைட்டேஸ் என்ற என்சைம்தான் சாவி. ஆனால் கடையில் கிடைக்கும் ஃபைட்டேஸ் பெரும்பாலும் புளிப்பில், பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்குப் பக்கத்தில், 50 டிகிரிச் சூட்டில் நன்றாக வேலை செய்யும் ரகம். கோழியின் இரைப்பையில் புளிப்பும் உண்டு, உடல் சூடும் உண்டு. ரோகுவின் குடலில் இரண்டும் இல்லை. குளமோ 28 டிகிரி.

ஆகவே கெளுத்தியும் திலேப்பியாவும் வளர்ப்பவர்கள் தீவனத்தில் கலந்து போட்டாலே ஓரளவு பலன் பார்க்கலாம். ரோகு வளர்ப்பவர்கள் அந்த வேலையைக் குளத்துக்கு வெளியே, வாளியிலேயே முடித்துவிட வேண்டும். 5-ஆம் படியில் அதைச் சொல்கிறேன்.

2. தவிடும் புண்ணாக்கும் முதலில்

இவை கெட்டுப்போயிருந்தால் எந்த என்சைமும் காப்பாற்றாது.

மில்லில் பர்மியர்கள் "ப்வேனு" என்று சொல்லும் மெல்லிய தவிட்டைக் கேட்டு வாங்குங்கள். அரைத்த சில நாட்களிலேயே அதன் எண்ணெய் கெட்டுக் காறல் வாசனை வரும். மாதக் கணக்கில் வாங்கி அடுக்காதீர்கள். கைப்பிடி தவிட்டை இறுக்கிப் பிடித்துத் திறந்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். உதிர்ந்தால் உமி அதிகம். ஒரு டம்ளர் நீரில் போட்டுக் கலக்கி விட்டாலும் உமி மேலே மிதந்து காட்டிக்கொடுக்கும்.

கடலைப் புண்ணாக்கில் பச்சையோ மஞ்சளோ பூசணம் தெரிந்தால் அந்த மூட்டையைத் தொடாதீர்கள். அதிலுள்ள அஃப்லாடாக்சின் நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். வேகவைத்தாலும் போகாது. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலத்தில் இந்த ஆபத்து அதிகம். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள், சுவரோடும் ஒட்டவிடாதீர்கள்.

3. பொட்டலத்தில் படிக்க வேண்டியவை, கேட்க வேண்டிய தாள்கள்

நான் முதலில் வாங்கிய பொட்டலத்தில் ஒரு மீன் படமும் "என்சைம்" என்ற எழுத்தும் மட்டும்தான் இருந்தன. விற்றவரிடம் எத்தனை யூனிட் என்று கேட்டேன். "ரொம்ப ஸ்ட்ராங்" என்றார். அதையும் நம்பி வாங்கினேன். நீங்கள் பார்க்க வேண்டியவை இவை:

- ஒரு கிராமில் எத்தனை எஃப்டியூ. ஃபைட்டேஸின் வலுவை அளக்கும் அலகு இது. 5,000, 10,000 என்று அச்சிட்டிருக்கும். இந்த எண் இல்லாத பொட்டலம் வெறும் மாவுக்குச் சமம்.
- தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி (பேட்ச்) எண்.
- அந்தத் தொகுதி எண்ணுக்கே உரிய பரிசோதனைச் சான்றின் நகல். பழைய தொகுதியின் தாளைக் காட்டி ஏமாற்றுவது சகஜம், எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.
- எத்தனை டிகிரி வரை தாங்கும் என்ற குறிப்பு.
- ரசீது, தொகுதி எண் எழுதியதாக.

"ஆறு என்சைம் கலவை", "எட்டு என்சைம் கலவை" என்று கோழிக்காகச் செய்த பொட்டலங்களும் வரும். நார்ச்சத்தை உடைக்கும் சைலனேஸ், செல்லுலேஸ் எல்லாம் அதில் இருக்கும். கெட்டவை என்று சொல்லவில்லை. ஆனால் எட்டையும் ஒன்றாகப் போட்டால் எது வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. தவிடுதான் உங்கள் பிரதான தீவனம் என்றால் ஃபைட்டேஸ் ஒன்றோடு தொடங்குங்கள்.

வாங்கியதைத் தகரக் கூரைக் கொட்டகையில் வைக்காதீர்கள், ஏப்ரல் வெயிலில் அங்கே அடுப்புதான். இறுக்கமான பாட்டிலில் போட்டு வீட்டுக்குள் குளிர்ந்த மூலையில் வையுங்கள். இன்னொன்று, இந்தத் தூள் மூச்சில் போனால் சிலருக்கு இழுப்பு வரும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கையாளுங்கள்.

குளத்துக்கான தாள்கள் தனி. 1989-ஆம் ஆண்டு மீன் வளர்ப்புச் சட்டப்படி மீன்வளத் துறை உரிமம் வேண்டும். நெல் வயலை வெட்டியதானால் 7-ஆம் படிவம் (விளைநிலத்தைப் பயன்படுத்தும் உரிமைச் சான்று) மட்டும் போதாது, வேறு பயன்பாட்டுக்கான அனுமதியும் வேண்டும். இவை கையில் இல்லாமல் தீவனத்தில் காசு போடாதீர்கள்.

4. அளவு: வீசைக்குள் ஒரு நல்ல கணக்கு

இங்கே வீசை 1.63 கிலோ. தாத்தா காலத்துத் தமிழ்நாட்டு வீசை சுமார் 1.4 கிலோ. ஊரிலிருந்து வந்த குறிப்பையோ வீடியோவையோ பார்த்து அளந்தால் இங்கேயே கணக்கு உதைக்கும். நூறு டிக்கல் ஒரு வீசை, ஒரு டிக்கல் சுமார் 16 கிராம்.

தீவனம் கிலோவுக்கு 500 எஃப்டியூ என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. இந்தியாவில் ரோகுக் குஞ்சுகளில் செய்த ஆய்விலும் இதே அளவைத்தான் பயன்படுத்தினார்கள். கூடவே தீவனத்தில் 3 சதவீதம் சிட்ரிக் அமிலம் சேர்த்தபோது எலும்பில் தாது சேர்வது கூடியது. 5,000 எஃப்டியூ பொட்டலமாக இருந்தால் 100 வீசை உலர் தீவனத்துக்குச் சரியாக 1 டிக்கல். 10,000 என்றால் அரை டிக்கல். மனதில் நிற்கிற கணக்கு.

ஆனால் நம்மில் பலர் ஒரு நாளைக்கு 20 வீசைதான் போடுவோம். அதற்கு டிக்கலில் ஐந்தில் ஒரு பங்கு, 3 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இதைக் கரண்டியால் குத்துமதிப்பாகப் போடக் கூடாது. தட்டான் கடையில் இருக்கிற மாதிரிச் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது பத்து நாளுக்கு உரியதை மொத்தமாக நிறுத்து, பத்துக் காகிதப் பொட்டலமாக மடித்து வையுங்கள்.

5. ஊறவைத்தல்

இந்தப் படிதான் எல்லாம். 20 வீசை உலர் தீவனத்துக்கு, அதாவது தவிடும் இடித்த புண்ணாக்கும் சேர்ந்து, நான் செய்வது இது.

அடுப்பில் 10 வீசை எடைக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பேன். இன்னொரு 10 வீசைப் பச்சைத் தண்ணீரை அதில் ஊற்றுவேன். சூடு 60-ஐத் தாண்டி நிற்கும். இந்த 20 வீசை நீரையும் தீவனத்தின் மேல் ஊற்றி மண்வெட்டியால் புரட்டினால், உலர்ந்த தவிடு சூட்டை உறிஞ்சி 50-க்குப் பக்கம் இறங்கிவிடும். வெப்பமானி இருந்தால் அழகு. இல்லாவிட்டால் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சுள்ளென்று இருக்கும், ஆனாலும் நாலைந்து எண்ணும் வரை வைத்திருக்க முடியும். சட்டென்று இழுத்துக்கொள்ளும்படி சுட்டால் இன்னும் பொறுங்கள்.

அடுத்தது புளிப்பு. சிட்ரிக் அமிலத்தை, நம் கடைகளில் எலுமிச்சை உப்பு என்பார்கள், கொஞ்சம் நீரில் கரைத்து ஊற்றிப் புரட்டுங்கள். பிஎச் தாளை ஈரத்தில் ஒற்றினால் 5 காட்ட வேண்டும். 20 வீசைக்கு எனக்கு ஏறக்குறைய 15 டிக்கல் பிடிக்கிறது. உங்கள் கிணற்று நீர் சுண்ணாம்பு நீரானால் கூடப் பிடிக்கும். புளிக்கரைசல் ஊற்றியும் பார்த்தேன். பிஎச் இறங்கியது, கொட்டகை முழுக்க எறும்பும் ஏறியது. விட்டுவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக என்சைம். ஒரு செம்பு பச்சைத் தண்ணீரில் கரைத்து, பூவாளியால் தெளிப்பது போலப் பரவலாகத் தெளித்துப் புரட்டுங்கள். தூளாகத் தூவினால் ஒரு மூலையில் மொத்தமும் போய் உட்காரும். பிறகு ஈரச் சாக்கால் மூடி நாலு மணி நேரம் விடுங்கள்.

ராத்திரி ஊறவைத்து விடியலில் போடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நவம்பர் குளிரில் பரவாயில்லை. ஏப்ரலில் காலையில் சாக்கை எடுத்தால் கள்ளுக்கடை வாசனை அடித்தது, மேலே நுரை வேறு. மீன் கிட்டே வரவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஊறவைத்து எட்டு எட்டரைக்குப் போடுங்கள். அன்றைய மாவை அன்றே முடியுங்கள். இறுக்கமாகப் பிசைந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டி மூங்கிலில் தொங்க விட்டால் கரைந்து வீணாவது குறையும்.

மில்லில் கொடுத்து உருண்டைத் தீவனமாக அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இயந்திரத்தின் சூட்டிலும் நீராவியிலும் சாதாரண ஃபைட்டேஸ் பெருமளவு செத்துவிடும். அடித்து ஆறிய பிறகு மேலே தெளிக்க வேண்டும். "நாங்களே மாவில் கலந்து அடிச்சுத் தர்றோம்" என்று மில்காரர் சொன்னால் எத்தனை டிகிரி என்று கேளுங்கள்.

6. பூண்டு, மஞ்சள், மற்ற பச்சிலைகள்

என்சைம் செரிமானத்துக்கு. செடிகளின் வேலை வேறு, நோய் எதிர்ப்புக்குக் கை கொடுப்பது. இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் எதனால் பலன் வந்தது என்று குழம்புவீர்கள்.

பூண்டைத்தான் நான் முதலில் சொல்வேன். ரோகுக் குஞ்சுகளுக்குத் தீவனம் கிலோவுக்கு 1, 5, 10 கிராம் என்று 60 நாள் கொடுத்து, பிறகு ஏரோமோனாஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்த ஆய்வு இருக்கிறது. பூண்டு தின்ற குஞ்சுகள் அதிகம் பிழைத்தன. நம் கணக்கில் 100 வீசைக்கு அரை வீசையிலிருந்து ஒரு வீசை. பல்லை நசுக்கிப் பத்து நிமிடம் சும்மா வையுங்கள், அப்போதுதான் அந்தக் காரமான சத்து உண்டாகும். முழுப் பல்லாக வேகவைத்தால் உண்டாகாது. நசுக்கியதைக் கொஞ்சம் கடலை எண்ணெயில் குழைத்து, ஆறிய மாவில் கடைசியில் பிசையுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் பாதி நீரில் கரைந்துபோகும்.

மஞ்சளையும் ரோகுவில் கிலோவுக்கு அரை கிராமிலிருந்து 5 கிராம் வரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். விரலி மஞ்சளாக வாங்கி நீங்களே இடியுங்கள். தூளாக விற்பதில் நிறத்துக்காக ஈயச் சாயம் கலக்கும் மோசடி பல ஊர்களில் பிடிபட்டிருக்கிறது.

முருங்கை இலை வேலி முழுக்க இருக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள். சத்து உண்டு, மீனுக்கு அதிகம் ஆகாத சபோனினும் டானினும் கூடவே உண்டு. நிழலில் உலர்த்திப் பொடித்து, நூற்றுக்கு ஐந்து பங்குக்குள் நிறுத்துங்கள். வேப்பிலை வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அம்மனுக்கு உகந்தது மீனுக்கும் நல்லது என்று நினைத்து ஒரு வாரம் அரைத்துப் போட்டேன். மீன் சாக்கைச் சுற்றி வந்து முகர்ந்துவிட்டுப் போனது. தின்னாத தீவனம் அடியில் அழுகி, நீரில் மூச்சுக்காற்று போதாமல் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தது. வேம்பு அளவு மீறினால் மீனுக்கு நஞ்சு என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

பெயர் ஒட்டாத "மூலிகைத் தூள்" பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றே நாளில் புண் ஆறுகிறது என்றால் உள்ளே ஆன்டிபயாடிக் இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். வெளிநாட்டுக்கு ரோகு வாங்குபவர்கள் குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபுரான் போன்ற தடைசெய்த மருந்துகள் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். மாட்டினால் மொத்த லாட்டும் திரும்பி வரும்.

7. எப்போது தொடங்குவது

என்சைமுக்கு: குஞ்சு விட்டு இரண்டு வாரம் கழித்து. குஞ்சுப் பருவத்தில்தான் பலன் கண்ணுக்குத் தெரியும். பெரிய குளத்தில் வளர்ந்த ரோகு மிதவை உயிர்களையும் மேய்வதால் வித்தியாசம் மங்கலாகத்தான் இருக்கும்.

பூண்டுக்கு: அக்டோபர் நடுவில், மழை விடும் நேரத்தில். குளிர் இறங்கிய பிறகுதான் சிவப்புப் புண் வருகிறது, அதற்கு முன்பே மீன் தயாராக இருக்க வேண்டும். டிசம்பர் நடுவில் 60 நாள் முடியும். மேலே சொன்ன ஆய்வும் 60 நாளோடு நிற்கிறது, நானும் அதோடு நிறுத்திவிடுவேன். புண் வந்த பிறகு பூண்டு போடுவது வீண். நோய்ப்பட்ட மீன் தின்னவே தின்னாதே. டிசம்பர், ஜனவரியில் மீன் எப்படியும் குறைவாகத்தான் தின்னும், அப்போது என்சைம் செலவும் வேண்டாம்.

8. பலன் வந்ததா? வலையும் தராசும்தான் சாட்சி

ஒரே அளவில் இரண்டு குளம் இருந்தால் ஒன்றுக்கு என்சைம் போட்டும் மற்றதற்குப் போடாமலும் வையுங்கள். போடாத குளத்துக்கும் தீவனத்தை அதே போலச் சூட்டு நீரில், அதே புளிப்போடு ஊறவையுங்கள். ஊறலால் வந்த பலனை என்சைம் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஒரே குளம் என்றால் அதற்குள் இரண்டு வலைக்கூண்டு கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவுக் குஞ்சு நூறு விடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தீவனம் போடுவதற்கு முன், முப்பது மீனை வீசு வலையில் பிடித்து மொத்தமாக நிறுத்து, சராசரி எழுதுங்கள். பெரிய மீனாகப் பொறுக்கி நிறுக்கும் ஆசை வரும், வந்த மீனை வந்தபடி நிறுங்கள். இரண்டு மாதத்துக்கு முன் முடிவு கட்டாதீர்கள்.

நீரையும் கவனியுங்கள். வெள்ளைத் தட்டைக் கையில் பிடித்து நீருக்குள் இறக்கினால் எந்த ஆழத்தில் மறைகிறது என்று குறியுங்கள். பூட்டுத் திறந்த பாஸ்பரஸ் மீனின் எலும்புக்குப் போவதால் கழிவில் குறையும், அடர்ந்த பச்சையும் மெல்லக் குறையலாம். எடை அதிகம் கூடாவிட்டாலும் விடியற்காலையில் மீன் வாய் பிளப்பது குறைந்தால் அதுவும் வரவுதான்.

9. செலவு

கியாட்டில் எழுதினால் இதை நீங்கள் படிப்பதற்குள் விலை மாறியிருக்கும். அதனால் மீன் எடையில் கணக்குப் போடுங்கள். ஒரு மாதத்து என்சைம், அமிலம், விறகு, கூடுதல் கூலி எல்லாவற்றையும் கூட்டி, குளத்தங்கரையில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரு வீசை மீன் விலையால் வகுங்கள். வருகிற எண் அந்த மாதம் கூடுதலாக வளர வேண்டிய வீசை. அதற்குக் கீழே நின்றால் நஷ்டம்.

நாள் 20 வீசை என்றால் மாதம் 600 வீசைத் தீவனம், 5,000 எஃப்டியூ சரக்கு வெறும் 6 டிக்கல். அமிலமோ நாலரை வீசை. என்சைம்தான் பெரிய செலவு என்று நினைத்து வருவார்கள். என் நோட்டில் அமிலமும் விறகும்தான் முன்னால் நிற்கின்றன. அமிலத்தைக் குறைக்க வேண்டும் என்றால் குஞ்சுக் குளத்துக்கு மட்டும் இந்த முறையை வைத்துக்கொண்டு, பெரிய குளத்தைப் பழையபடி விடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

10. நோட்டு

தேதி, தவிடு எந்த மில், புண்ணாக்கு எந்தக் கடை, என்சைம் தொகுதி எண், பூண்டு எத்தனை வீசை, செத்த மீன் எத்தனை. ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். பர்மிய எழுத்திலும் ஒரு பிரதி வையுங்கள். மீன்வளத் துறை ஆள் வந்தாலும், ரங்கூன் சான்பியா மீன் சந்தை வியாபாரி மீனுக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டாலும், ரசீதுகளை ஒட்டிய அந்த நோட்டை எடுத்து நீட்டலாம். என் முதல் நோட்டு கொட்டகைக் கூரை ஒழுகி நனைந்து ஒட்டிக்கொண்டது. இப்போது அதை என்சைம் பாட்டிலுக்குப் பக்கத்தில், வீட்டுக்குள், பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறேன்.